பதினோரு கோணல் வளையங்கள்

புதுச்சேரியில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கருவேல முள்ளை என் கையாலேயே வெட்டி எறிந்துவிட்டுப் பட்டறை போட்டேன். முதல் லேத்து மெஷினை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் வண்டியின் அச்சு முறிந்தது, அதையும் நானே சரிசெய்தேன். மூலக்குளத்தில் மாடி வீடு கட்டினேன். கேட்டிலிருந்து ஜன்னல் கொக்கி வரை என் கைவேலை. வில்லியனூர்ப் பக்கம் எங்கள் ஊர்த் தேருக்கு இரும்பு அச்சு செய்துகொடுத்தேன். நகரத்தில் ஒரு மாதா கோயில் மணியைத் தாங்குகிற சட்டம் நான் போட்டது. புயலில் கூரை போனது, சட்டம் அசையவில்லை. இரண்டு பெண்களைப் பட்டதாரி ஆக்கினேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. அதிலும் கடைசி ஆறு மாதம் வாத்தியார் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

கடைசியாக ஒரு கேலக்ஸி செய்தேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் ஒன்றாகக் கூடிச் சுற்றுகிற கூட்டத்துக்குத்தான் அந்தப் பெயர். நம் சூரியனும் அப்படி ஒரு கூட்டத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே இருந்து பார்த்தால் இரண்டு கைகளை வளைத்து வீசிக்கொண்டு சுழல்கிற மாதிரி இருக்கும். அதை ஆறடி அகலத்தில் இரும்பிலும் சைக்கிள் செயினிலும் செய்து, நகரத்தின் பழைய பள்ளிக்கூடம் ஒன்றில் அறிவியல் கூடத்தில் ஓடவிட்டவன் நான். அதற்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கறுப்புக் கல் பதித்திருக்கிறார்கள். அதில் ஏழு பெயர்கள் இருக்கின்றன. ரிப்பன் வெட்டினவர் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை.

கோபமாகத்தான் எழுதுகிறேன். ஆறினதும் எழுதலாம் என்று பார்த்தேன், ஆறவில்லை.

இந்த வேலையைக் கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். தமிழர்தான். தாத்தா காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய குடும்பம். முப்பது வருஷம் பிரெஞ்சில் பாடம் நடத்தியவர். ஊரில் எல்லோரும் முசியே என்பார்கள், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்தின் விழாவுக்காக ஒரு மாதிரி வேண்டும் என்று ஒரு காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"மேஸ்திரி, ஒரு ரவுண்டு தட்டு. அது மேல தகரத்துல வளைஞ்ச மாதிரி ரெண்டு கை. கை மேல சின்னச் சின்ன பல்பு. மோட்டார் போட்டா ஃபேன் மாதிரி சுத்தணும். அவ்ளோதான்."

காகிதத்தைப் பார்த்தேன். ஒரு நாள் வேலை. ஆனால் எந்த வேலையானாலும், நிஜத்தில் அது எப்படி ஓடும் என்று கேட்காமல் நான் கை வைக்கமாட்டேன்.

"நடுவுல இருக்கிற நட்சத்திரமும் ஓரத்துல இருக்கிறதும் ஒண்ணாவே ஒரு சுத்து முடிக்குமா முசியே?"

"முடிக்காது. வேகம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா ஓரத்துல இருக்கிறதுக்குத் தூரம் ஜாஸ்தி இல்லியா? உள்ள இருக்கிறது நாலு சுத்து வரதுக்குள்ள வெளிய இருக்கிறது ஒண்ணுதான் வரும்."

"அப்புறம் எப்படி தட்டு? தட்டுன்னா எல்லாம் சேர்ந்துல்ல திரும்பும்?"

"பசங்களுக்கு இது போதும் மேஸ்திரி. படத்துல இருக்கிறபடி செய்யுங்க."

போதும். இந்தச் சொல்லை நான் எட்டு வயதில் கேட்டேன். மூன்றாம் வகுப்போடு போதும், உனக்கு இது போதும் என்று மாட்டுக்கார வாத்தியார் என் அப்பாவிடம் சொன்னார். அன்றைக்கு அப்பா தலையாட்டினார். அறுபத்தைந்து வருஷம் கழித்து என் பட்டறைக்குள்ளேயே வந்து அதே சொல்லைச் சொல்கிறார் இவர். அந்தப் பள்ளிக்கூடத்தில் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கின்றன. அதுகளுக்கு இரும்பில் பொய் செய்து காட்டவா? முடியாது என்று சொல்லவில்லை. சரி என்று தலையாட்டி அவரை அனுப்பிவிட்டு என் இஷ்டப்படி ஆரம்பித்தேன்.

பதினோரு வளையம். ஒன்றுக்குள் ஒன்று அடங்க வேண்டும்; ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். கோபத்தில் இருந்தேனா, கம்பி வளைக்கிற மெஷினில் ஒரு உருளை தேய்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. பதினொன்றும் முட்டை வடிவத்தில் வந்து விழுந்தன. தப்பு என்னுடையது. செய்த தப்பை ஒத்துக்கொள்கிறவன் நான், அதனால்தான் செய்த நல்லதையும் கேட்கிறேன். உருளையை மாற்றி, வேறு பதினொன்று சுத்த வட்டமாக வளைத்தேன். கோணலானவற்றைச் சுவரில் மாட்டினேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வீணாய்ப் போன உருப்படியை உடனே காயலான் கடைக்குப் போடமாட்டோம். ஆயுத பூசை வரைக்கும் சுவரில் தொங்கும். பூசையன்று மெஷினுக்கு வைக்கிற சந்தனமும் குங்குமமும் அதற்கும் உண்டு. நம் கையால்தானே கெட்டது, அதற்கு ஒரு மரியாதை செய்துதான் அனுப்ப வேண்டும். மறுநாள் காலையில் காயலான் கடை வண்டி வரும்.

வட்ட வளையங்களை பேரிங் மேல் உட்காரவைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி பெல்ட் போட்டு, இரண்டு கை தெரிகிற மாதிரி வெள்ளை மணிகளை ஒட்டினேன். வெளி வளையம் ஒரு சுற்று, உள் வளையம் நாலு சுற்று, அவர் சொன்ன கணக்குப்படி. முசியேயை வரச்சொல்லி சுவிட்சைப் போட்டேன். முதலில் அழகாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் கை நீண்டது, மெலிந்தது, நடுவைச் சுற்றிச் சுற்றிச் சுருட்டிக்கொண்டது. ஜிலேபி. இன்னும் கொஞ்சம் ஓடியதும் ஜிலேபியும் இல்லை, வெறும் வெள்ளைக் கோடுகள்.

முசியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதுக்குத்தான் மேஸ்திரி பெரிய பெரிய ஆளுங்களே மண்டையை உடைச்சிக்கிட்டாங்க. கை நட்சத்திரத்தோட ஒட்டிக்கிட்டே சுத்தினா எப்பவோ இப்படிச் சுருட்டிக்கிட்டிருக்கணும். வானத்துல சுருட்டிக்கல."

"அப்ப இது தெரிஞ்சேதான் என்னைத் தட்டு செய்யச் சொன்னீங்களா?"

"விளக்கினா பசங்களுக்குப் புரியாது."

"எனக்கு விளக்குங்க. மூணாவது படிச்சவனுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்."

அவர் சிரிப்பு நின்றது. பட்டறைத் தரையில் சாக்பீஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "கை ஒரு பொருள் இல்ல. அது ஒரு கூட்டம். நட்சத்திரம் அதுக்குள்ள வரும், கொஞ்ச நேரம் நெருக்கமா இருக்கும், அந்தப் பக்கமா வெளிய போயிடும். வேற ஒண்ணு வரும். ஆளுங்க மாறிக்கிட்டே இருப்பாங்க, கூட்டம் மட்டும் இருக்கும்."

தலையாட்டினேன். புரியவில்லை. புரியாததற்குத் தலையாட்டியது என் வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நோணாங்குப்பத்தில் ஆற்றோரம் ஒரு வீட்டுக்கு நான் போட்ட இரும்புப் படியைப் பார்க்க ஸ்கூட்டரில் போனேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாலத்துப் பக்கம் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படகுச் சவாரிக்கு வந்தவர்களின் கார், வேன், பஸ், எல்லாம் பாலத்தில் ஏறும்போது முட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு முன்னால் ஒரு பெங்களூர் கார், அதற்கு முன்னால் இளநீர் வண்டி. ஊர்ந்து ஊர்ந்து பாலத்தைத் தாண்டினேன். படியைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால் அதே இடத்தில் அதே நெரிசல். ஆனால் பெங்களூர் கார் இல்லை, இளநீர் வண்டி இல்லை, எல்லாம் வேறு வண்டிகள். நெரிசல் மட்டும் அங்கேயே குந்தியிருந்தது.

நடுப்பாலத்திலேயே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டேன். பின்னால் ஹாரன் அடித்தான் ஒருத்தன். "யோவ் பெரிசு, ஒத்திப் போறியா?" என்றான். அவனைச் சட்டை செய்யாமல் போனை எடுத்தேன்.

"முசியே, நான் அந்தக் கூட்டத்துக்குள்ளதான் இப்ப நிக்கிறேன்."

"எந்தக் கூட்டம்?"

"நட்சத்திரக் கூட்டம். நோணாங்குப்பம் பாலத்துல."

"மேஸ்திரி, அப்படியே இருங்க. அதேதான். அதேதான்," என்றார். பின்னால் இருந்தவன் இன்னும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலையே வந்துவிட்டார். எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். இங்கே பாலம் குறுகல், அதனால் முட்டுகிறது. வானத்தில் குறுக்கினது யார்?

"ஈர்ப்பு. கூட்டம் சேர்ந்த இடத்துல எடை ஜாஸ்தி. எடை இருக்கிற இடம் இழுக்கும். வரவனை வெரசா உள்ள இழுக்கும், போறவனைப் பின்னாலேர்ந்து பிடிச்சு இழுக்கும். அதனால அவன் அங்க கொஞ்சம் கூடுதலாத் தங்கிட்டுப் போறான். அவன் தங்கறதால எடை குறையாம இருக்கு. எடை இருக்கிறதால அடுத்தவன் தங்கறான்."

"நட்சத்திரத்துக்கு நடுவுல ஆவியும் தூசியும் இருக்குன்னீங்களே, அதுவும் அங்கதான் முட்டிக்குமா?"

"முட்டிக்கும். நசுங்கும். நசுங்கின இடத்துல புது நட்சத்திரம் பொறக்கும். ரொம்பப் பெரிசா, நீலமா எரியிறது எல்லாம் சீக்கிரம் முடிஞ்சிடும், கையை விட்டு வெளிய போறதுக்குள்ளேயே. அதனாலதான் கை மட்டும் பளிச்சுனு தெரியுது." பிறகு கையைத் தட்டிவிட்டு எழுந்தார். "ஆனா இதை இரும்புல செய்ய முடியாது மேஸ்திரி. டிவி வாங்கி கம்ப்யூட்டர்ல படம் போட்டுடலாம்."

முடியாது என்று என் பட்டறையில் யாரும் சொல்வதில்லை. ஆனால் வழி எனக்கும் தெரியவில்லை. பதினைந்து நாள் வழி தெரியாமல்தான் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூசை வந்தது. என் மனைவி எப்போதும்போல பட்டறைக்கு வந்து மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்தாள். சுவரில் தொங்கிய கோணல் வளையங்களை இறக்கித் தரையில் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தாள். ஒவ்வொரு வளையத்திலும் பற்றவைத்த இடம் ஒரு முடிச்சு மாதிரி புடைத்திருக்கும். முடிச்சும் முடிச்சும் முட்டிக்கொண்டதால், ஒவ்வொன்றையும் வெளியே இருப்பதைவிட ஒரு சாண் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே போனாள். வெற்றிலை அடுக்குகிற மாதிரி, எல்லாம் ஒரே பக்கமாக.

"என்னாங்க, இங்க வந்து பாருங்களேன். ரெண்டு வால் மாதிரி தெரியல?"

போய்ப் பார்த்தேன். பதினோரு முட்டை வளையம். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் திரும்பியிருந்ததால் இரண்டு பக்கம் வளையங்கள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு வந்தன, மற்ற இடங்களில் விலகிப் போயின. நெருக்கம் விழுந்த இடம் இரண்டு கையாக வளைந்து வெளியே போனது. கை என்று எதையும் நான் வளைக்கவில்லை. அங்கே கை என்று ஒன்று இல்லவே இல்லை. பாதைகள் நெருங்கின இடம், அவ்வளவுதான்.

சூடம் ஏற்றாமலே நின்றேன். "கண்ணு பட்டுடுச்சா?" என்று என்னை உலுக்கினாள்.

மறுநாள் காயலான் கடை வண்டியைத் திருப்பி அனுப்பினேன். கோணல் வளையங்கள் ஒவ்வொன்றின் மேலும் பள்ளமாக ஒரு தடம் போட்டு, அதில் சைக்கிள் செயினை ஓடவிட்டேன். செயினில் விட்டு விட்டு வெள்ளை மணிகள். எல்லாச் செயினையும் ஒரே அளவுப் பல்சக்கரம் இழுத்தது. எல்லாம் ஒரே வேகம். வெளிச்சுற்று பெரிசு என்பதால் தானாகவே அதிக நேரம் எடுத்தது. அடித்தட்டை வேறொரு மோட்டாரில் ரொம்ப மெதுவாகத் திருப்பினேன். அப்போது கையும் சுற்றியது, ஆனால் மணிகளின் வேகத்தில் இல்லை. கை விழுந்த இடத்தில் கீழே நீல விளக்குப் பதித்தேன். ஓடவிட்டால் மணிகள் கைக்குள் வந்தன, நெருங்கின, வெளியே போயின. கையின் வடிவம் மட்டும் அப்படியே நின்றது. ஒரு நாள் முழுக்க ஓடவிட்டேன், சுருட்டிக்கொள்ளவில்லை.

முசியே பார்த்துவிட்டு வெளிச் செயினைத் தொட்டுக்காட்டினார். "இது ஏன் இவ்வளவு வேகமா ஓடுதுன்னு இன்னிக்கும் சண்டை நடக்குது மேஸ்திரி. வெளிச்சமாத் தெரியிறதோட எடையை மட்டும் பார்த்தா, ஓரத்துல இருக்கிறது இந்த வேகத்துக்குப் பிச்சிக்கிட்டுப் போயிருக்கணும். போகல. கண்ணுக்குத் தெரியாத எடை ஒண்ணு பிடிச்சு வச்சிருக்குன்னு சொல்றாங்க."

"பார்த்தது யாரு?"

"யாரும் பார்க்கல. ஆனா அது இல்லாம இது நிக்காது."

இந்த வார்த்தையை அவர் வாயால்தான் சொன்னார். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விழா நாளன்று என்னைக் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, பக்கத்தில் பட்டுப்புடவையில் என் மனைவி. ஆரம்பிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மூன்றாவது செயின் கழன்றுகொண்டது. மேடையிலிருந்து ஒருத்தர் மைக்கிலேயே சொன்னார்: "அந்த வெல்டரைக் கூப்பிடுங்க." வெல்டர்! புதுச் சட்டையோடு கீழே படுத்து மாட்டினேன். எழுந்தபோது மார்பில் கிரீஸ். அதோடு போய் உட்கார்ந்தேன்.

முசியே மேடையேறினார். பிள்ளைகளைப் பார்த்து, "நோணாங்குப்பம் பாலத்துல சண்டே டிராஃபிக் பாத்திருக்கீங்களா?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள், கை தட்டினார்கள். பெங்களூர் கார், இளநீர் வண்டி, எல்லாம் வந்தது. ஹாரன்கூட அடித்துக் காட்டினார். நடுப்பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தின ஆள் மட்டும் வரவில்லை. அப்புறம் கல்லின் மேலிருந்த துணியை விலக்கினார்கள். ஏழு பெயர். கருத்தாக்கம் முசியே, வழிகாட்டுதல் பள்ளித் தலைவரான ஃபாதர், நன்கொடை நாலு பேர், திறந்துவைத்தவர் ஒருத்தர்.

கூட்டம் கலைவதற்குள் ஃபாதரைப் பிடித்தேன்.

"ஃபாதர், செஞ்சவன் பேர் எங்க?"

"மேஸ்திரி, உங்களுக்குத்தான் சால்வை போடறோமே. கொஞ்சம் இருங்க, கொண்டுவரச் சொல்றேன்."

"சால்வை ரெண்டு தடவை துவைச்சா சாயம் போயிடும். கல்லு போவுமா?"

"கல்லு வெட்டியாச்சே. இனிமே எப்படி மாத்தறது?"

"இரும்பு வெட்டினதை நான் மாத்தல? ஒருவாட்டி இல்ல, ரெண்டுவாட்டி மாத்தினேன்."

முசியே நடுவில் வந்தார். "பர்தோன் மேஸ்திரி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாதிரிக் கல்லுல கைவேலை செஞ்சவங்க பேர் போடற வழக்கம் இல்ல."

"கைவேலையா? தட்டு செய்யச் சொன்னது நீங்க. முடியாதுன்னது நீங்க. டிவி வாங்கலாம்னது நீங்க. கருத்து யாருது முசியே?"

அவர் தரையைப் பார்த்தார். படித்தவர்கள் தரையைப் பார்ப்பதை நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை. ஆனால் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, அதை நான் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி எறிந்து கத்திக்கொண்டே இருந்தேன். என் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏன் இந்தக் குதி குதிக்கிறீங்க? அந்த வளையத்தைத் திருப்பித் திருப்பி வச்சது யாரு? அதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"நீ என்னா தெரிஞ்சா வச்ச? பொட்டு வைக்க வச்ச."

"நீங்க மட்டும் தெரிஞ்சா வளைச்சீங்க? உருளை தேஞ்சது தெரியாம வளைச்சீங்க."

சோற்றைத் தின்றேன்.

இதை எழுதும்போது யார் பெயரையும் எழுதவில்லை என்று கவனித்திருப்பீர்கள். முசியே பெயர் இல்லை, ஃபாதர் பெயர் இல்லை, பள்ளிக்கூடத்தின் பெயர் இல்லை. அது பயம் இல்லை. என் பெயர் முதலில் வர வேண்டிய இடம் அந்தக் கல். அங்கே வராத வரைக்கும் இங்கே யாருடைய பெயரும் வராது.

போன வாரம் செயினுக்கு எண்ணெய் விடப் போனேன். விடாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டிருந்தன. ஒரு பெண் பிள்ளை ஒரே ஒரு மணியை விரலால் தொடர்ந்துகொண்டே போய், அது கைக்குள் நுழைந்து வெளியே வந்ததும், "வந்துடுச்சுடி, வந்துடுச்சு!" என்று குதித்தது. அதற்குப் புரிந்துவிட்டது. பசங்களுக்குப் புரியாது என்றவர் அங்கே இல்லை. எண்ணெய் விட்டுவிட்டு, டேப்பை எடுத்துக் கல்லை அளந்தேன். ஏழாவது பெயருக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு வெற்றிடம் இருக்கிறது. இரண்டு வரி தாராளமாகப் பிடிக்கும்.

முதல் வரி: இதை யோசித்துச் செய்தவர் என்று போட்டு என் பெயர், பட்டறை இருக்கிற மேட்டுப்பாளையம் என்ற பெயரோடு. இரண்டாவது வரி: வளையங்களை அடுக்கியவர் என்று என் மனைவியின் பெயர். தனக்கு வேண்டாம் என்கிறாள்; அதை நான் பேசிக்கொள்கிறேன். வெட்டுகிற ஆள் கிடைக்கவில்லை என்றால் நானே வந்து வெட்டித் தருகிறேன், உளி என்னிடம் இருக்கிறது. செயின் எப்படியும் ஒரு வருஷத்தில் தளரும். அதை இறுக்குகிற திருகு அடித்தட்டில் எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கேட்டால் சொல்லிக்கொடுப்பேன், ஒளிக்கமாட்டேன். ஆனால் வெல்டரைக் கூப்பிடுங்கள் என்றால் வரமாட்டேன். கல்லில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், வருகிறேன்.